முதல் வீட்டு வாசற்படி

இதை நம்பச் சொல்லி உங்கள் காலைப் பிடிக்கப் போவதில்லை. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போகிற ஆள் நான். ஆனால் இது என் தாய்மாமாவுக்கு நடந்தது. அவருக்குப் பொய் சொல்ல வராது. சீட்டாட்டத்தில் நல்ல சீட்டு வந்தாலே காது சிவந்துவிடும். அதனாலேயே குடும்பத்தில் எல்லாருக்கும் அவரோடு சீட்டாட அவ்வளவு ஆசை. தவிர, இந்தக் கதையின் கடைசிப் பகுதியை நான் பக்கத்தில் நின்று என் காதால் கேட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஏன், எப்படி என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

மாமாவுக்குச் சுவர் பூசுகிற தொழில். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது, பேச்சில் நாற்பது வயது. இளையவளுக்கு ஆறு. ஒரு இடத்தில் கால் தரிக்காது, அதனால் அவளுக்கு வாலு என்றே பெயர் நிலைத்துவிட்டது. போன வருஷம் மாமி காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. அதிலிருந்து மாமா வேலைக்குப் போவதும், வந்து சமைப்பதும், ராத்திரி பின்னல் போடப் பழகுவதுமாக இருந்தார். பின்னல் கடைசிவரை நேராக வரவில்லை.

"சின்னவளை நான் வளர்க்கிறேன்டா. உன்னால ரெண்டையும் பார்க்க முடியாது" என்று என் அம்மா சொன்னாள். தம்பி மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னாள். மாமா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "இந்த வேலை முடியட்டும் அக்கா, யோசிச்சுச் சொல்றேன்" என்றார். கதவுக்குப் பின்னால் நின்று பிள்ளைகள் இருவரும் அதைக் கேட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து வாலு என்ன வம்பு செய்தாலும் மூத்தவள் மூடி மறைக்க ஆரம்பித்தாள். வாலு தட்டை உடைத்தால் "என் கை பட்டுடுச்சுப்பா" என்பாள். தங்கச்சி சமத்தாக இருந்தால் அப்பா அனுப்பமாட்டார் என்பது அவள் கணக்கு.

அந்த வேலை என்பது, மாமா ஊரின் முதல் வீட்டைப் பூசுவது.

ஒரு காலத்தில் அந்தக் குளிர் மலையில் ஏரியும் மரங்களும் தவிர ஒன்றும் கிடையாதாம். ஒரு மனிதர் மனைவி மக்களோடு வண்டி கட்டி வந்து, மரம் வெட்டி, கல் சுமந்து, ஏரிக்கரையில் ஒரு வீடு கட்டினார். அந்த வீட்டை நம்பித்தான் அடுத்த குடும்பம் வந்தது. அப்புறம் பாதை, கிணறு, பள்ளிக்கூடம், கடை. அந்தக் குடும்பத்தின் பெயர் இல்லாத தெரு இன்றைக்கும் அங்கே இல்லை. வீட்டை நினைவு இல்லமாக மாற்றப் போகிறார்கள். வாசலில் ஏற்கெனவே போர்டு வைத்தாயிற்று: முதல் குடும்பம், தகப்பன், தாய், ஆறு பிள்ளைகள்.

திறப்பு விழா நெருங்கிவிட்டது. பள்ளிக்கூட விடுமுறை வேறு. மாமா பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் அந்த வீட்டிலேயே தங்கி வேலை பார்த்தார். முன்னால் பெரிய கூடம், பின்னால் நீளமான ஒரு படுக்கையறை, நடுவில் ஒரே சுவர். மாமா கூடத்தில் வேலை செய்வார், பிள்ளைகள் உள்ளே விளையாடுவார்கள்.

பழைய சுவரைப் பூசுவதற்கு முன் தட்டிப் பார்க்க வேண்டும். பூச்சுக் கரண்டியின் காம்பால் ஒரு தட்டு. "டக்" என்றால் கெட்டி. "டொப்" என்றால் உள்ளே பூச்சு விட்டுப்போய்க் காற்று நிற்கிறது, உதிர்த்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். முதல் நாள் மாமா அப்படித் தட்டினார்.

டக்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. டொக்... டொக்.

உள்ளே பிள்ளைகள் சிரிக்கிற சத்தமும் கேட்டது. மாமாவுக்கு அது பிடித்துவிட்டது. வாலுவுக்கு அப்போது தொண்டை கட்டிக் குரல் சுத்தமாகப் போயிருந்தது. கூப்பிட்டால் பதில் சொல்ல முடியாது. அதனால் ஆஜர் எடுப்பது இப்படி ஆகிவிட்டது. மாமா ஒரு தட்டுத் தட்டுவார். மூத்தவள் ஒன்று, வாலு ஒன்று. இரண்டும் கேட்டால் பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள் என்று அர்த்தம். பூச்சுக் கையோடு எழுந்து போய்ப் பார்க்கிற வேலை மிச்சம்.

இரண்டாம் நாள் சாயங்காலம் மாமா தட்டினார். டொக்... டொக். திரும்பினால் மூத்தவள் டீ டம்ளரோடு பின்னால் நிற்கிறாள்.

"நீ இங்க நிக்கிறே. அப்ப உள்ளே தட்டினது யாரு?"

"வாலுதான் எனக்கும் சேர்த்துத் தட்டியிருப்பா."

மாமா உள்ளே போய்க் கேட்டார். வாலு தலையை ஆட்டி மறுத்தாள். ஒரு விரலை மட்டும் காட்டினாள். ஒரு தட்டுத்தான் தட்டினாளாம்.

"கழுதை, பொய் சொல்லக் குரல்கூட வேண்டாம் உனக்கு" என்று சிரித்துவிட்டு மாமா வேலைக்குத் திரும்பினார்.

மறுநாள் அந்த நீள அறையில் சுவரின் அடிப்பக்கத்தைச் சுரண்டும்போது, சுண்ணாம்புக்குள்ளிருந்து பலகைகள் வெளியே வந்தன. படுத்திருக்கிற பிள்ளையின் தலை உயரத்தில், வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பள்ளம். விரல் முட்டி பட்டுப் பட்டுத் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

நினைவு இல்லத்துக்குப் பொறுப்பாளராக ஒரு அம்மா இருந்தார், அந்த முதல் குடும்பத்தின் வாரிசு. வேலையைப் பார்க்க வந்தவர் பலகைகளைத் தடவிப் பார்த்து நெகிழ்ந்துபோனார்.

"எங்க குடும்பத்து வழக்கம் இது. அந்தக் காலத்துல பொழுது சாஞ்சதும் அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியால சுவத்துல ஒரு தட்டுத் தட்டுவாங்க. பிள்ளைங்க படுத்த இடத்திலிருந்தே மூத்தவங்கள்லேருந்து வரிசையா ஒவ்வொரு தட்டு. எண்ணிக்கை சரியா இருந்தா அப்பா கதவுக்குக் குறுக்குக் கட்டையைப் போடுவாரு. போட்டா போட்டதுதான். வெளியே என்ன சத்தம் கேட்டாலும் விடியறவரைக்கும் எடுக்கமாட்டாரு. அப்ப காடு இல்லையா? மிருகம் வரும், கொள்ளைக்காரன் வருவான். அவ்வளவு கட்டுப்பாடு."

மாமா பள்ளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக்கு முந்தின பலகையில் பள்ளம் மற்றதைவிட ஆழம். கடைசிப் பலகையில் சும்மா தொட்ட மாதிரிதான்.

"எத்தனை பிள்ளைங்கம்மா?"

"போர்டுல இருக்கே. ஆறு."

பலகை ஏழு இருந்தது. மாமா அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்று இருட்டுகிற நேரத்தில் வாசல் கதவு தட்டப்பட்டது.

மெல்லத் தட்டினார்கள். கதவின் கீழ்ப்பக்கத்தில். மாமா குறுக்குக் கட்டையை எடுத்துத் திறந்தார். யாரும் இல்லை. ஏரியிலிருந்து எழும்பிய மூடுபனி மட்டும் உள்ளே வந்தது.

மறுநாளும் அதே நேரம். அதே தட்டல். அன்று சாயங்காலம் முழுக்கத் தூறல். மாமா திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். யாரும் இல்லை. படி முழுக்க நனைந்து கிடந்தது. நடுவில் மட்டும் கொஞ்சம் இடம் காய்ந்திருந்தது. ஒரு சின்னப் பிள்ளை உட்கார்ந்து எழுந்தால் எவ்வளவு இடம் நனையாமல் இருக்குமோ... அவ்வளவு.

காலையில் அந்த வீட்டுக் காவல்காரரிடம் கேட்டார். அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"பொழுது சாஞ்ச பிறகு அந்தக் கதவு தட்டினா திறக்காதீங்க. நாங்க யாரும் திறக்கறதில்லை."

"ஏன்?"

"திறந்தா யாரும் இருக்கமாட்டாங்க. அதைப் பார்க்கிறதுதான் கஷ்டமா இருக்கு."

மாமா பயந்தவர் இல்லை. ஆனால் அன்று மனசு சரியில்லை. கடைசிச் சுவரைப் பூசிவிட்டால் மறுநாள் மூட்டை கட்டிவிடலாம் என்று மும்முரமாக இருந்தார். அந்த நேரம் பார்த்து வாலு, ஏரிக்கரை விறகுக் கொட்டகையில் குட்டி போட்டிருந்த பூனையைப் பார்க்க இரண்டு தடவை நழுவிப் போய்விட்டாள். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னொரு தடவை வெளியே காலை வச்சே, நாளைக்கே அத்தை வீட்ல விட்டுட்டு வந்துடுவேன்" என்று கத்தினார்.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. மூத்தவளின் முகம் வெளுத்துவிட்டது. சமாதானமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். பூச்சு காய்கிறதே என்று திரும்பிவிட்டார்.

ஐந்தரை மணி இருக்கும். குளிர்காற்று கிளம்பியது. ஏரி தெரியாத அளவுக்கு மூடுபனி. மாமா கதவைச் சாத்தப் போனார். போகிற போக்கில் சுவரில் ஒரு தட்டு.

டொக்... டொக்.

இரண்டு பேரும் உள்ளே. குறுக்குக் கட்டையைப் போட்டார்.

கடைசிப் பூச்சை நடுவில் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் ஒட்டு தெரியும். மாமா சாரத்தில் ஏறி, மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டு வந்தார். பாதிச் சுவர் முடிந்திருக்கும்.

தட்... தட்...

வாசல் கதவு. கீழ்ப்பக்கம்.

மாமாவின் கை நின்றது. வந்துவிட்டது என்று நினைத்தார். இரண்டு நாள் திறந்து பார்த்தாயிற்று. யாரும் இருக்கமாட்டார்கள்.

ஆனாலும் பெற்ற மனம். காம்பால் சுவரைத் தட்டினார்.

டொக்... டொக்.

இரண்டு பேரும் இருக்கிறார்கள். அப்பாடா என்று மறுபடி பூச ஆரம்பித்தார்.

தட்... தட்... தட்...

மாமா திரும்பிப் பார்க்கவில்லை. ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பூசினார். ஒரு பாகம் முடிந்தது. கதவு தட்டுகிற சத்தம் நிற்கவில்லை. அடம்பிடிக்கிற சத்தம் இல்லை அது. வேண்டிக் கேட்கிற சத்தம். கொஞ்சம் கொஞ்சமாக அதன் பலம் குறைந்துகொண்டே வந்தது. ஏனோ மாமாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

சாரத்திலிருந்து இறங்கினார். சுவருக்குப் பக்கத்தில் போய்க் கூப்பிட்டார்.

"அம்மாடி, பெரியவளே."

டொக்... டொக்.

"தட்டாதேம்மா. வாயைத் திறந்து பேசு."

டொக், டொக்.

"தங்கச்சி உன் பக்கத்துல இருக்காளா?"

டொக் டொக். டொக் டொக். டொக் டொக்.

அவசரமாக வந்தது. மூச்சு விடாமல். பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்... உண்மை சொல்கிற பிள்ளை இவ்வளவு தடவை சொல்லாது.

மாமா உள்ளறைக் கதவைத் தள்ளினார்.

மூத்தவள் ஜன்னலுக்குக் கீழே சுருண்டு படுத்திருந்தாள். நல்ல தூக்கம். இரண்டு கையும் கன்னத்துக்கு அடியில்.

பக்கத்தில் வாலுவின் போர்வை. மடிப்புக் கலையாமல்.

வாலு இல்லை.

டொக்... டொக்.

மாமாவின் கண்ணெதிரே. கடைசிக்கு முந்தின பலகையில்.

அங்கே யாரும் இல்லை.

மாமா ஓடினார்.

குறுக்குக் கட்டை ஈரத்தில் ஊறி இறுகியிருந்தது. தூக்கினார். அசையவில்லை. தோள் கொடுத்துத் தள்ளினார். அசையவில்லை. வெளியே சத்தம் நின்றுபோயிருந்தது.

"திறக்கிறேன்டி... அப்பா திறக்கிறேன்..."

அப்போது கட்டை சட்டென்று லேசானது. அவருடைய கைக்குக் கீழே, இடுப்பு உயரத்தில், இன்னும் இரண்டு கை சேர்ந்து தள்ளின மாதிரி. குளிர்ந்த கை. சின்னக் கை.

கட்டை கழன்று விழுந்தது.

வாலு படியில் உட்கார்ந்திருந்தாள். இடுப்புவரை ஏரித் தண்ணீரில் நனைந்திருந்தாள். உதடு நீலம். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை.

மாமா அவளை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூடுபனிக்குள் ஓடினார். தூக்கம் கலைந்து மூத்தவள் அழுதுகொண்டே பின்னால் ஓடி வந்தாள். காவல்காரர் வண்டி பிடித்துக் கொடுத்தார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னாராம். அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் மாமா இன்றைக்கும் நினைத்து நினைத்துச் சாகிறார். பூசிக்கொண்டு நின்ற நேரம் அது.

நானும் அம்மாவும் விடியற்காலையில் போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரி நடையில் மூத்தவள் என் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"பூனைக்கு ரொட்டி வச்சிட்டு ஓடி வந்துடுறேன்னு போனா அத்தை. அப்பா தட்டினப்ப அவளுக்கும் சேர்த்து நான்தான் தட்டினேன். இல்லைன்னா அப்பா உங்க வீட்டுக்கு அனுப்பிடுவாரு. ஜன்னல்ல தட்டு, கொக்கியை எடுத்துவிடுறேன்னு சொல்லியிருந்தேன். முழிச்சிட்டுத்தான் இருந்தேன்... எப்படித் தூங்கினேன்னே தெரியலை."

"எத்தனை தடவைம்மா தட்டினே?" என்று மாமா கேட்டார்.

"ஒரே தடவைதான்ப்பா. கதவைச் சாத்தும்போது."

அதற்கப்புறம் அவள் தட்டவில்லை.

வாலுவைப் பிரித்து எங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போகிற பேச்சை என் அம்மா அந்த நடையிலேயே முடித்துவிட்டாள். "ரெண்டும் உன்கிட்டயே இருக்கட்டும்டா" என்று சொல்லிவிட்டு அவளும் அழுதாள்.

பத்து மணிக்குப் பொறுப்பாளர் அம்மா ஃபிளாஸ்கில் பால் கொண்டு வந்தார். மாமா எல்லாவற்றையும் சொன்னார். அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏழு பிள்ளைங்கதான்" என்றார். "எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு மட்டும் தெரியும். அம்மா மகளுக்குச் சொல்லுவா, அவ தன் மகளுக்குச் சொல்லுவா. கடைசிப் பொண்ணு ஏரிக்கரையில விளையாடிட்டு நேரம் கழிச்சு வருவா. அப்பா அடிப்பாரு. அதனால அவளுக்கு மேல உள்ள அக்காதான் அவளுக்கும் சேர்த்துத் தட்டுவா. எல்லாரும் தூங்கினதும் ஜன்னல் வழியா உள்ளே இழுத்துக்குவா. எத்தனையோ நாள் அப்படி நடந்திருக்கு. ஒரு நாள் பகல் முழுக்கத் தண்ணி சுமந்த அலுப்புல அக்கா தூங்கிட்டா."

மாமா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கதவு தட்டின சத்தம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கேட்டிருக்கு. எண்ணிக்கை சரியா இருந்துச்சே, நம்ம பிள்ளைங்க எல்லாம் உள்ளேதானே இருக்குன்னு ரெண்டு பேரும் பேசாம படுத்திருந்தாங்க. விடிஞ்சு திறந்தா... படியில உட்கார்ந்தபடியே இருந்திருக்கா. அதுக்கப்புறம் அந்தப் பேரை வீட்ல யாரும் எடுக்கக்கூடாதுன்னுட்டாரு. ஊரை உண்டாக்கினவரு இல்லையா? போர்டுலயும் ஆறுன்னே எழுதிட்டோம்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த அக்கா அப்புறம் ஒரு வருஷம்கூட இருக்கவில்லையாம். அதே பலகைக்குப் பக்கத்தில் படுத்தபடியே போய்ச் சேர்ந்தாளாம்.

மத்தியானம் வாலு கண் விழித்தாள். குரல் திரும்பியிருந்தது. கரகரவென்று, ஆனால் தெளிவாக. கட்டிலைச் சுற்றி நாங்கள் எல்லாரும் நின்றோம். மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கை வலிக்குதாடா? ரொம்ப நேரம் தட்டினியே..."

"ஜன்னல்ல தட்டினேன், அக்கா எழுந்திருக்கலை. கதவுல கொஞ்சம்தான் தட்டினேன்ப்பா. அப்புறம் கை வரலை. அவதான் தட்டினா."

"எவ?"

"படியில உட்கார்ந்திருந்தாளே, அந்தப் பொண்ணு. நீ கையை உள்ளே வச்சுக்கோ, நான் தட்டுறேன்னா. எங்க அப்பா திறக்கவே இல்லை, உங்க அப்பா திறப்பாருன்னா."

மாமா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். என் அம்மா போர்வையை இழுத்துவிட்டபடி, "சரிடா கண்ணு, பேசாம தூங்கு" என்றாள்.

வாலு விடவில்லை.

"நீ திறந்தியா, அப்ப அவளையும் உள்ளே வான்னு கூப்பிட்டேன்ப்பா. வரமாட்டேன்னுட்டா."

ஏன் என்றும் அவளே சொன்னாள்.

"அவங்க அக்கா இப்ப எழுந்து வந்து ஜன்னலைத் திறந்துவிடுவாளாம். அதுக்குத்தான் உட்கார்ந்திருக்காளாம்."